மெமண்டின் மாத்திரையை நிறுத்திவிடலாமா?

கேள்வி: என் அத்தைக்கு (மாமியார்) வயது 71, எடை 42 கிலோ. அல்சைமர் நோய் நடுத்தர நிலையில் இருப்பதாகக் கூறி டோனெபெசில் கொடுத்துவந்த மருத்துவர், பிறகு மெமண்டின் மாத்திரையையும் சேர்த்து, இப்போது தினம் 20 மி.கி. கொடுக்கச் சொல்லியிருக்கிறார். மூளையில் குளூட்டமேட் செய்யும் வேலையை அது தடுக்கும் என்றார். ஆனால் நினைவு பதிவதற்கே குளூட்டமேட்தான் வேண்டும் என்றும், இந்த நோயில் அதன் ஏற்பிகள் ஏற்கெனவே குறைந்துவிடுகின்றன என்றும் என் கொழுந்தனார் செல்போனில் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்தச் சொல்கிறார். கொஞ்ச நாளாக அத்தைக்குப் பகலிலும் தூக்கம், நடக்கையில் தள்ளாட்டம். சர்க்கரை நோய் உண்டு, கிரியேட்டினின் 1.3. நீர்க்கடுப்புக்கு மெடிக்கலில் வாங்கிய சிரப்பும் கொடுக்கிறோம். அஜினோமோட்டோ சேர்த்த சாப்பாட்டால்தான் இந்த நோய் வருகிறது என்று அக்கம்பக்கத்தில் சொல்வது உண்மையா?
— வாசகி, மேலூர்

பதில்: தங்கள் கொழுந்தனார் படித்த இரண்டு செய்திகளும் சரியே. அவற்றிலிருந்து அவர் எடுத்த முடிவுதான் பொருந்தவில்லை. ஆனால் தாங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கும் எடை, கிரியேட்டினின், சிரப் ஆகிய மூன்றும், அவருடைய கேள்வியைவிட அவசரமாகக் கவனிக்க வேண்டியவை. முதலில் அவர் கேள்விக்கே வருகிறேன்.

மூளையில் ஒரு நரம்புச் செல் அடுத்த செல்லைத் தூண்டுவதற்குப் பெரும்பாலும் பயன்படுத்தும் பொருள் குளூட்டமேட். இரு செல்களும் சந்திக்கும் இடத்தில் அது கணநேரம் சுரந்து, எதிர்ப்புறம் உள்ள ஏற்பிகளில் போய் ஒட்டுகிறது. இவற்றுள் ஆம்பா என்ற ஏற்பி உடனே திறந்து சோடியத்தை உள்ளே விடும். என்எம்டிஏ என்ற ஏற்பியோ அவ்வளவு எளிதில் வழிவிடாது. அதன் துவாரத்தை ஒரு மெக்னீசிய அயனி அடைத்துக்கொண்டிருக்கும். ஆம்பா வழியாகச் செல் போதிய அளவு தூண்டப்பட்டு மின்னழுத்தம் மாறிய பிறகே மெக்னீசியம் விலகி, கால்சியம் உள்ளே நுழைகிறது. அந்தக் கால்சியம் தரும் உத்தரவின் பேரில் கூடுதலான ஆம்பா ஏற்பிகள் செல்லின் மேற்பரப்புக்கு வந்து சேர, அந்த இணைப்பு முன்னைவிட வலுப்பெறுகிறது. இணைப்புகள் இவ்வாறு நெடுநேரம் வலுப்பெற்று நிற்பதை முயல்களின் மூளையில் நினைவுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் பகுதியில் டிம் பிளிஸ், டெர்யே லோமோ ஆகிய இரு ஆய்வாளர்களும் 1973இல் விரிவாக வெளியிட்டார்கள். புதிய நினைவு பதிவதன் அடிப்படையாக இன்று கருதப்படுவது இதுவே.

அல்சைமர் நோயில் இந்த ஏற்பாடு இரண்டு பக்கமும் கெடுகிறது. நோயாளிகள் இறந்தபின் ஆராயப்பட்ட மூளைகளில், ஹிப்போகாம்பஸிலும் அதை ஒட்டிய புறணியிலும் (மூளையின் மேலடுக்கு) என்எம்டிஏ, ஆம்பா ஏற்பிகளின் புரதங்கள் குறைந்திருப்பது பல ஆய்வுகளில் தெரியவந்துள்ளது. சிறுமூளை பெரிதும் தப்பிவிடுகிறது. இந்த நோயில் மூளையில் சேரும் அமிலாய்டு பீட்டா என்ற புரதத்தின் சிறு திரள்கள், சந்திப்பில் இருக்கும் ஏற்பிகளைச் செல்லுக்குள் இழுத்துக்கொள்ளச் செய்கின்றன என்பதை எலிகளிலும் வளர்ப்புச் செல்களிலும் கண்டிருக்கிறார்கள். இது ஒரு பக்கம். மறுபக்கம், சுரந்த குளூட்டமேட்டை உடனுக்குடன் உறிஞ்சி அப்புறப்படுத்த வேண்டிய துணைச் செல்கள் அந்த வேலையில் தளர்ந்துபோகின்றன. அதனால் சந்திப்புக்கு வெளியே கசிந்து தங்கும் குளூட்டமேட், அங்கிருக்கும் என்எம்டிஏ ஏற்பிகளை ஓயாமல் தூண்டி, கால்சியத்தைச் சிறிது சிறிதாகச் செல்லுக்குள் விட்டுக்கொண்டே இருக்கிறது. சந்திப்புக்குள் இருக்கும் ஏற்பி தூண்டப்படுவது செல் உயிர்வாழ உதவுகையில், வெளியே இருக்கும் ஏற்பி ஓயாமல் தூண்டப்படுவது செல்லை அழிவை நோக்கித் தள்ளும். ஆகவே, வேண்டிய இடத்தில் குறைவும் வேண்டாத இடத்தில் மிகையும் ஒரே மூளையில் ஒரே சமயத்தில் இருக்கின்றன. மாட்டுத்தாவணியில் ஒலிபெருக்கி இடைவிடாமல் இரைந்துகொண்டிருந்தால் பக்கத்தில் நிற்பவர் சொல்வது காதில் ஏறாதது போல, இந்த ஓயாத இரைச்சலில் புதிய செய்தி மூளையில் பதிவதில்லை.

மெமண்டின் அடக்க முயல்வது அந்த இரைச்சலைத்தான். திறந்திருக்கும் என்எம்டிஏ துவாரத்தில் அது மெக்னீசியத்தைவிடச் சற்று அழுத்தமாக உட்காரும். ஆனால் வலுவான தூண்டல் வரும்போது விரைவாக விலகி வழிவிடும். அதே துவாரத்தைப் பிடித்துக்கொண்டு எளிதில் விடாத கீட்டமின், மயக்க மருந்தாகப் பயன்படுவதையும், மெமண்டின் அப்படி மயக்கத்தில் ஆழ்த்தாததையும் ஒப்பிட்டுப் பார்த்தால், 'தடுப்பது' என்ற ஒரே சொல்லுக்குள் எவ்வளவு வேறுபாடு அடங்கியிருக்கிறது என்பது விளங்கும்.

கொள்கை இவ்வளவு அழகாக இருப்பதால் பலனும் அவ்வளவு இருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். ஐரோப்பாவில் 2002லும் அமெரிக்காவில் 2003லும் இம்மருந்து அனுமதி பெற்றது நடுத்தர, முற்றிய நிலைகளுக்கு மட்டுமே. ஆரம்ப நிலையில் இதனால் குறிப்பிடத்தக்க பயன் நிறுவப்படவில்லை. மறந்தவை திரும்ப வரா, நோயும் நிற்காது. குளிப்பது, சேலை உடுத்துவது, சொன்னதைப் புரிந்துகொள்வது போன்றவை இன்னும் சில மாதங்கள் கைவிட்டுப் போகாமல் இருந்தால் அதுவே பலன். டோனெபெசில் அசெட்டைல்கோலின் என்ற வேறொரு பொருளின் வழியாகச் செயல்படுவதால் இரண்டையும் சேர்த்துக் கொடுப்பது வழக்கமே.

அஜினோமோட்டோவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அது குளூட்டமேட்டின் சோடிய உப்பு. உணவிலுள்ள குளூட்டமேட்டில் மிகப் பெரும்பகுதியைக் குடல் சுவரின் செல்களே தம் எரிபொருளாகச் செலவழித்துவிடும். ரத்தத்துக்கு வரும் மிச்சத்தையும் ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலான தடுப்பு உள்ளே விடுவதில்லை. மூளை தனக்கு வேண்டியதைத் தானே தயாரித்துக்கொள்கிறது. தினம் ரசத்தில் கரைக்கும் தக்காளியிலும் இயற்கையாகவே குளூட்டமேட் உண்டு. ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் உப்பைக் குறைக்கும்போது அஜினோமோட்டோவையும் கணக்கில் சேர்ப்பது நியாயம். அல்சைமருக்கு அதைக் காரணமாக்குவதற்கு ஆதாரம் இல்லை.

இனி, அந்தத் தூக்கமும் தள்ளாட்டமும். மெமண்டின் பெரும்பாலும் மாறாமல் அப்படியே சிறுநீரில்தான் வெளியேறுகிறது. சதையில் உண்டாகிச் சிறுநீரகம் வடிகட்டும் கழிவுப் பொருளான கிரியேட்டினின் 1.3 என்பது ஆய்வகச் சீட்டில் 'சற்றே அதிகம்' என்றுதான் தோன்றும். ஆனால் சதை குறைந்த முதியவர்களின் உடலில் கிரியேட்டினின் உற்பத்தியாவதே குறைவு என்பதால், அந்த எண் சிறுநீரகத்தின் உண்மை நிலையை மறைத்துவிடும். 71 வயது, 42 கிலோ, பெண் என்ற விவரங்களைக் காக்ராஃப்ட்-கால்ட் சூத்திரத்தில் இட்டுப் பார்த்தால், சிறுநீரகம் கிரியேட்டினினை வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு ஏறத்தாழ 26 மி.லி. என்று வருகிறது. 30க்குக் கீழே போனால் மெமண்டின் நாளொன்றுக்கு 10 மி.கி.க்கு மேல் போகக் கூடாது என்பது விதி. தங்கள் அத்தை அதைப்போல் இரு மடங்கு சாப்பிடுகிறார்.

அந்தச் சிரப் இதை இன்னும் மோசமாக்கலாம். நீர்க்கடுப்புக்கு நம் ஊர் மெடிக்கல்களில் கேட்டவுடன் எடுத்துத் தருவது பெரும்பாலும் சிட்ரேட் உப்புக் கரைசல்; எரிச்சலைத் தணிப்பதற்காகச் சிறுநீரைக் காரத்தன்மைக்கு மாற்றுவதே அதன் வேலை. சிறுநீரின் பிஎச் 8 அளவுக்கு ஏறினால் மெமண்டின் வெளியேறும் வேகம் சுமார் 80 சதவீதம் குறைந்துவிடும். வாயுத் தொல்லைக்குத் தினமும் சோடா உப்புக் கரைத்துக் குடிக்கும் பழக்கம் இருந்தால் அதுவும் இப்படித்தான். பாட்டிலின் லேபிளில் சிட்ரேட் என்றோ பைகார்பனேட் என்றோ இருந்தால், மருத்துவரைக் கேட்காமல் தொடர வேண்டாம். சர்க்கரை நோயாளிக்கு நீர்க்கடுப்பு வருவது கிருமித் தொற்றாக இருக்கவே வாய்ப்பு அதிகம். மூத்தவர்களுக்கு அந்தத் தொற்றே தூக்கத்தையும் குழப்பத்தையும் உண்டாக்கும் என்பதால் சிறுநீர்ப் பரிசோதனையும் கல்ச்சரும் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) அவசியம். இருமலுக்கு வாங்கும் சிரப்பில் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபான் இருந்தால் அதையும் தவிர்க்க வேண்டும்; அதுவும் என்எம்டிஏ ஏற்பியையே தடுக்கும்.

மாத்திரையைத் தாங்களாக நிறுத்தாமல், இந்த வாரத்துக்குள் எடை, கிரியேட்டினின் சீட்டு, சிரப் பாட்டில் மூன்றையும் எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள்; அளவைக் குறைப்பதா, சிறிது காலம் நிறுத்திவைப்பதா என்பதை அவர் முடிவு செய்வார். ரத்தத்தில் இம்மருந்தின் அளவு பாதியாகக் குறையவே 60 முதல் 80 மணி நேரம் பிடிக்கும். சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு அது இன்னும் நீளும். ஆகவே அளவைக் குறைத்த மறுநாளே தெளிவை எதிர்பார்க்க வேண்டாம். அதுவரை இரவில் கழிப்பறைக்கு அவரைத் தனியே அனுப்பாதீர்கள். எழுப்பினாலும் எழாத தூக்கம், காய்ச்சல், வலிப்பு, கீழே விழுந்து தலையில் அடி ஆகியவற்றில் எது நேர்ந்தாலும், அடுத்த அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திராமல் அன்றே பெரியாஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்கோ அருகிலுள்ள மருத்துவமனைக்கோ அழைத்துச் செல்லுங்கள்.