கோயம்புத்தூரில் படித்த இரண்டாண்டு சிங்கப்பூரில் எத்தனை பாடமாகும்? ஒரு தங்கையின் கேள்விக்குப் பதில்

அன்புள்ள தங்கைக்கு,

கோயம்புத்தூரில் பொறியியல் இரண்டாம் ஆண்டை முடிக்கப்போகும் உங்கள் தம்பியைச் சிங்கப்பூருக்கு அழைத்து, இங்குள்ள பல்கலைக்கழகம் ஒன்றில் நேரடியாக மூன்றாம் ஆண்டில் சேர்க்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்காவில் பள்ளிப் பிள்ளைகள் எழுதும் ஏபி (அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்) தேர்வுகளை எழுதினால் சில பாடங்கள் கழியுமாமே என்றும், பொங்கோலில் வாடகை எப்படி, குடியிருக்கக் கிழக்குப் பக்கம் நல்லதா மேற்குப் பக்கம் நல்லதா என்றும் அதே மூச்சில் கேட்டிருக்கிறீர்கள். வாடகையையும் குடியிருப்பையும் பற்றி உங்கள் கணவரின் அலுவலகத்தில் எவரைக் கேட்டாலும் சொல்வார்கள். நான் படிப்பைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். ஏனென்றால் 2001-ல் கையில் டிப்ளோமா மதிப்பெண் பட்டியலோடு தேக்காவில், படிப்பில் சேர்த்துவிடும் ஒரு முகவரின் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, ஏறக்குறைய இதே கேள்வியை நான் கேட்டேன்.

நம் ஊரில் டிப்ளோமா முடித்தவர் பொறியியலில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்கிறார். அந்தப் பழக்கத்தை மனத்தில் வைத்துக்கொண்டுதான் நாம் எல்லோரும் எந்த ஆண்டில் சேர்ப்பார்கள் என்று கேட்கிறோம். இங்கே கணக்கு ஆண்டுக்கு ஆண்டு நடப்பதில்லை, பாடத்துக்குப் பாடம் நடக்கிறது. முதலில் மற்ற மாணவர்களோடு போட்டியிட்டு இடம் பெற வேண்டும். இடம் கிடைத்த பிறகு, வேறிடத்தில் படித்த ஒவ்வொரு பாடத்தையும் தங்கள் பாடம் ஒன்றோடு பொருத்திப் பார்த்து, அந்தந்தத் துறையின் ஆசிரியர்கள் அதை மறுபடி படிக்க வேண்டாம் என்று விலக்குத் தருவார்கள், அல்லது தர மாட்டார்கள். இங்குள்ள பலதுறைத் தொழிற்கல்லூரிகளில் மூன்றாண்டு டிப்ளோமா முடித்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் போகும் உள்ளூர்ப் பிள்ளைகளுக்குக்கூட இப்படித்தான் சில பாடங்கள் கழிகின்றன. அவர்களுடைய பாடத்திட்டம் பல்கலைக்கழகத்துக்கு நன்கு தெரிந்தது என்பதால் அவர்களுக்கு வேலை சுலபமாக முடிகிறது. உங்கள் தம்பியின் கல்லூரியை இங்குள்ள ஆசிரியர் அறிந்திருக்க வேண்டும் என்பதில்லை. காகிதம்தான் அவனுக்காகப் பேச வேண்டும்.

எண்களைப் பார்த்து ஏமாறாதீர்கள் என்பது என் முதல் எச்சரிக்கை. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுமம் 2018-ல் வெளியிட்ட மாதிரிப் பாடத்திட்டத்தில் நான்காண்டுப் பொறியியலுக்கு 160 கிரெடிட் என்று வைத்தது. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்திலும் நான்காண்டுப் பட்டத்துக்கு 160 யூனிட் வேண்டும். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும் எவருக்கும், தம்பி 80 முடித்திருக்கிறான், மீதி 80 தானே என்றுதான் தோன்றும். ஆனால் நம் ஊரில் வாரத்துக்கு ஒரு மணி நேர வகுப்பு ஒரு கிரெடிட்; தேசியப் பல்கலைக்கழகத்தில் வகுப்பு, தயாரிப்பு, ஒப்படைப்பு எல்லாம் சேர்த்து வாரத்துக்கு இரண்டரை மணி நேர உழைப்பு ஒரு யூனிட். பெரும்பாலான பாடங்கள் 4 யூனிட், அதாவது வாரத்துக்குப் பத்து மணி நேரம். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கு வேறு அலகு, சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகத்துக்கு இன்னொன்று. அங்கே பொதுவாக மொத்தப் பட்டமே 36 பாட அலகுகள்தான். ஒரு ஊர்ப் படியை இன்னொரு ஊர் மரக்காலில் கொட்டி அளப்பது போன்ற வேலை இது. அளப்பவர் எண்ணைப் பார்ப்பதில்லை, உள்ளே என்ன தானியம் என்று கிளறிப் பார்க்கிறார்.

என் கதையைச் சொன்னால் இது இன்னும் தெளிவாகும். 1997-ல் ஜூரோங்கில் ஒரு கப்பல் பட்டறை வேலைக்கு வந்தேன். நான்கு ஆண்டுகள் கழித்து, மாலை நேரத்தில் பட்டப் படிப்பு படிக்கலாம் என்று துணிந்தபோது அந்த முகவரிடம் போனேன். “உன் டிப்ளோமாவுக்கு நேரே இரண்டாம் ஆண்டுதான், நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று சொல்லி 400 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வாங்கிக்கொண்டார். அவர் செய்தது என் மதிப்பெண் பட்டியலை நகலெடுத்து ஓர் உறையில் போட்டதுதான். கல்வி நிலையத்தின் முகப்பில் இருந்த பெண்மணி அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, பாடத்திட்டம் எங்கே, எத்தனை மணி நேரம் நடத்தினார்கள், ஆய்வகம் இருந்ததா, எந்தப் புத்தகம் என்று பொறுமையாகக் கேட்டார். என்னிடம் ஒன்றும் இல்லை. அவர் மீது எனக்கு இன்றும் வருத்தமில்லை. அவர் கேட்டது நியாயமான கேள்வி.

ஊருக்குத் தொலைபேசியில் சொன்னேன். என் அப்பா பட்டுக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பேருந்து பிடித்து மூன்று முறை அந்தக் கல்லூரிக்குப் போனார். முதல் முறை எழுத்தர் விடுப்பில் இருந்தார். இரண்டாம் முறை ஒரு பாடத்திட்டப் புத்தகத்தைக் கொடுத்தார்கள். அதை நான் வாங்கிப் பார்த்தபோது, நான் படித்து முடித்த பிறகு மாற்றப்பட்ட புதிய திட்டம் என்று தெரிந்தது, பாடத்தின் பெயர்கள்கூட ஒத்துப்போகவில்லை. மூன்றாம் முறை நூலக அலமாரியின் அடித்தட்டிலிருந்து பழைய புத்தகத்தைத் தேடியெடுத்து, எழுபதுக்கு மேற்பட்ட பக்கங்களை நகலெடுத்து, பக்கத்துக்குப் பக்கம் முதல்வரின் முத்திரை வாங்கிப் பதிவுத் தபாலில் அனுப்பினார். நான்கு மாதங்கள் ஓடிவிட்டன. அதற்குள் முதல் பருவம் தொடங்கி, பொறியியல் வரைபடம், பட்டறைப் பயிற்சி என்ற இரண்டு பாடங்களுக்கு நான் கட்டணமும் கட்டி வகுப்பிலும் உட்கார்ந்திருந்தேன். ஒன்பது பாடங்களுக்கு விலக்குக் கேட்டதில் நான்கு கிடைத்தன. அந்த நான்கில் இரண்டு, நான் ஏற்கெனவே உட்கார்ந்திருந்த அதே இரண்டு பாடங்கள்.

ஆகவே உங்கள் தம்பியிடம் சொல்லுங்கள்: கல்லூரியோடு உறவு அறுவதற்கு முன்பே, மாணவனாக இருக்கும்போதே காகிதங்களைத் திரட்டிவிட வேண்டும். அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரி என்றால் 2013, 2017, 2021 என்று ஒழுங்குமுறைகள் மாறியிருக்கின்றன. தான் சேர்ந்தபோது நடப்பில் இருந்தது எது என்று பார்த்து அதன் பாடத்திட்டத்தையே வாங்க வேண்டும். தன்னாட்சிக் கல்லூரி என்றால் அந்தக் கல்லூரியின் சொந்தப் பாடத்திட்டம் வேண்டும், பல்கலைக்கழகத்தினுடையது உதவாது. அலகு அலகாகப் பாடப்பொருள், வார மணி நேரம், ஆய்வகச் சோதனைகளின் பட்டியல், பாடநூல்கள், அகமதிப்பீட்டுக்கும் இறுதித் தேர்வுக்கும் உள்ள விகிதம், கிரேடுகளின் விளக்கம் எல்லாம் இருக்க வேண்டும். கணிதத்துக்கும் இயக்கவியலுக்கும் தான் எழுதிய வினாத்தாள்களையும் ஒப்படைப்புகளையும் வைத்திருந்தால் இன்னும் நல்லது. அரியர் வைத்துப் பிறகு தேறிய பாடங்களில் அதிக நம்பிக்கை வைக்க வேண்டாம், ஏனென்றால் தேர்ச்சி பெற்றால் மட்டும் போதாது, குறிப்பிட்ட கிரேடுக்கு மேல் இருக்க வேண்டும் என்று கேட்பது வழக்கம். படித்துப் பல ஆண்டுகள் ஆகிவிட்ட பாடங்களையும் பல இடங்களில் ஏற்பதில்லை.

இனி, விலக்குக் கிடைத்தால் என்ன ஆகும் என்பதை யாரும் விளக்கிச் சொல்வதில்லை. கிரெடிட் வரும், மதிப்பெண் வராது. தம்பி அங்கே பத்துக்கு ஒன்பதுக்கு மேல் சராசரி வாங்கியிருந்தாலும் இங்கே அவனுடைய சராசரி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். பட்டத்தின் தரம் இங்கே படிக்கும் பாடங்களைக் கொண்டே முடிவாகும். குறிப்பிட்ட அளவு பாடங்களைத் தங்களிடமே படித்தால்தான் பட்டம் தருவோம் என்ற நிபந்தனையும் பல்கலைக்கழகங்களுக்கு உண்டு. அடுத்தது, விலக்கு எந்தப் பெட்டியில் விழுகிறது என்பது. முதன்மைப் பாடத்துக்குப் பதிலாக விழுந்தால் பயன் உண்டு. விருப்பப் பாடம் என்ற பெட்டியில் விழுந்தால், முதன்மைப் பாடங்கள் அத்தனையும் அப்படியே மீதியிருக்கும். அதோடு பாடங்கள் சங்கிலியாகக் கோக்கப்பட்டவை. முதல் கணிதம் முடித்தால் இரண்டாம் கணிதம், அது முடித்தால் மூன்றாம் ஆண்டுப் பாடம், அந்தப் பாடமோ ஆண்டுக்கு ஒரு பருவத்தில் மட்டும் நடக்கும். ஒரு பருவத்துக்கு வழக்கமாக 20 யூனிட், அதாவது ஐந்து பாடங்கள். மூன்று பாடம் கழிந்தது என்று மகிழ்கிற பிள்ளைக்கு 12 யூனிட் குறையும். பருவம் ஒன்றும் குறையாது. ஐந்து பாடம் கழிந்தாலும் சங்கிலியின் ஒரு கண்ணி அடுத்த ஜனவரிக்குக் காத்திருந்தால், படிப்பு முடியும் தேதி அப்படியே நிற்கும்.

ஏபி தேர்வு விஷயத்தில் உங்களுக்குச் சொன்னவர் இரண்டு நாடுகளைக் கலந்துவிட்டார். அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளியில் இருக்கும்போதே கல்லூரி நிலைப் பாடத்தைப் படித்து, மே மாதத்தில் தேர்வெழுதி, 1 முதல் 5 வரையிலான புள்ளிகளில் ஒன்றைப் பெறுவது அது. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகம் 3-ம் அதற்கு மேலும் வாங்கிய தேர்வுகளுக்குக் கிரெடிட் தருகிறது. ஐபி (இன்டர்நேஷனல் பக்கலோரியட்) என்ற பள்ளிப் படிப்பின் உயர்நிலைப் பாடத்தில் 5-ம் அதற்கு மேலும் வாங்கினால் 8 காலாண்டு யூனிட், பிரிட்டிஷ் முறை மேல்நிலைத் தேர்வில் (ஏ லெவல்) சி வரை வாங்கிய ஒவ்வொரு பாடத்துக்கும் 12 காலாண்டு யூனிட் தருகிறது. அங்கே பட்டத்துக்கு இப்படி 180 காலாண்டு யூனிட் வேண்டும் என்பதால் இது பெரிய உதவி. அதே நாட்டில் டார்ட்மவுத் கல்லூரி, 2014-ல் சேர்ந்த அணி முதல் இப்படிப்பட்ட தேர்வுகளுக்குக் கிரெடிட் தருவதை நிறுத்திவிட்டது. எந்த நிலை வகுப்பில் உட்கார வைப்பது என்று முடிவு செய்ய மட்டும் புள்ளிகளைப் பார்க்கிறது. ஒரே நாட்டுக்குள் இவ்வளவு வேறுபாடு. சிங்கப்பூரிலோ இந்த மேல்நிலைத் தேர்வு என்பது தொடக்கக் கல்லூரி (ஜூனியர் காலேஜ்) முடித்த பிள்ளைகள் எழுதுவது; பல்கலைக்கழக வாசலுக்குள் நுழைய அவர்களுக்கு அதுதான் சீட்டு. சீட்டைக் காட்டி உள்ளே வந்தவர் அதே சீட்டுக்குப் பாடமும் கேட்க முடியாது. இரண்டாண்டு கல்லூரிப் படிப்பு முடித்த உங்கள் தம்பி இப்போது பணம் கட்டி ஏபி எழுதுவதில் எனக்கு எந்தப் பயனும் தெரியவில்லை.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இங்கே நம்மவர்களில் சிலர், தீபாவளி விருந்தில் உட்கார்ந்து, என் மகனுக்கு நேரே மூன்றாம் ஆண்டு கிடைத்தது என்று சொல்வார்கள். எந்த நிலையத்தில், எந்த நாட்டுப் பட்டத்துக்கு என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்கள். பெரும்பாலும் அது, வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பட்டத்தை இங்கே நடத்தும் தனியார் கல்வி நிலையமாக இருக்கும். அதில் தவறு ஒன்றும் இல்லை, பலர் அந்த வழியில் படித்து நன்றாக இருக்கிறார்கள். ஆனால் அரைகுறையாகச் சொல்லிப் புதிதாக வந்த குடும்பங்களின் சேமிப்பைக் கரைப்பது பெரிய தவறு என்று நான் நினைக்கிறேன். அந்த வழியில் போவதாக இருந்தால், அந்த நிலையத்துக்கு எடுட்ரஸ்ட் என்ற தரச் சான்றிதழ் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாத தனியார் நிலையம் வெளிநாட்டு மாணவரைச் சேர்க்க முடியாது. எத்தனை பாடம் கழியும் என்பதை, பட்டம் தரும் பல்கலைக்கழகத்தின் பெயரில் எழுத்தில் வாங்கிய பிறகே பணம் கட்டுங்கள். முகவர் வாயால் சொன்னது கணக்கில் வராது. என் 400 வெள்ளி அதற்குச் சாட்சி.

என்னைக் கேட்டால், தம்பி மீதி இரண்டாண்டை கோயம்புத்தூரிலேயே முடிக்கட்டும். மாணவர் பெற்ற கிரெடிட்டுகளைச் சேர்த்து வைக்க இந்தியாவில் 2021 முதல் இயங்கும் கல்விக் கிரெடிட் வங்கி அவனுக்கு அங்கே கல்லூரி மாற உதவலாம், இங்குள்ள பல்கலைக்கழகத்தை அது கட்டுப்படுத்தாது. இங்கே முதலாம் ஆண்டிலிருந்து தொடங்கினால் நான்காண்டு, அரசின் கட்டண மானியம் பெற்றால் அதன் பிறகு மூன்றாண்டு இங்கேயே வேலை செய்யும் ஒப்பந்தம். அந்தக் காலத்தில் ஊர்ப் பட்டத்தையும் முடித்து இங்கே முதுகலையும் முடித்துவிடலாம்.

ஆனாலும் அவன் வந்தே தீருவேன் என்றால், கிடைக்கிற விலக்குகளை எல்லாம் வாரிக்கொள்ள வேண்டாம் என்று சொல்லுங்கள். எனக்குக் கிடைத்த நான்கில் முதல் கணிதமும் ஒன்று. மகிழ்ச்சியோடு வாங்கிக்கொண்டு நேரே இரண்டாம் கணித வகுப்பில் போய் உட்கார்ந்தேன். டிப்ளோமாவில் நான் படித்த கணிதத்தின் தலைப்புகள் ஒத்திருந்தன, ஆழம் ஒத்திருக்கவில்லை. லாப்லாஸ் உருமாற்றத்தை ஆசிரியர் கரும்பலகையில் எழுதிக்கொண்டு போகும்போது, மற்றவர்கள் போன பருவத்தில் பழகிய வழிகளை நான் அப்போதுதான் முதன்முறையாகப் பார்த்தேன். ஈப்போவிலிருந்து வந்த ஒரு சீன நண்பர், கிளமெண்டியில் ஒரு காப்பிக் கடையில், வேலை முடிந்த இரவுகளில் எனக்கு முதல் கணிதத்தை அத்தியாயம் அத்தியாயமாகச் சொல்லிக் கொடுத்தார். கடை மூடும் வரை உட்கார்ந்திருப்போம். இரண்டாம் கணிதத்தில் சி வாங்கித் தப்பித்தேன். அந்த சி கடைசி வரை என் சராசரியில் இருந்தது. அடுத்த பருவத்தில் பொருள் வலிமையியலுக்குக் கிடைத்திருந்த விலக்கை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, கட்டணத்தைக் கட்டி, செவ்வாய்க்கிழமை மாலை வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்தேன்.