கொடி சிதையாமல் பங்கு பிரிப்பது எப்படி? பர்கண்டி ஒயின் தோட்டங்கள் பற்றி வாசகர் கேள்விகள்

பிரான்சின் பர்கண்டி பகுதியில் ஐந்தாறு ஹெக்டேர் திராட்சைத் தோட்டத்தைத் தலைமுறை தலைமுறையாக நடத்திவரும் குடும்பங்கள் ஏராளம். அந்தத் தோட்டங்கள் கைமாறும் விதம் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம்.

கேள்வி: பர்கண்டியில் ஒரே ஊரில், ஒரே குடும்பப் பெயரில் நாலைந்து ஒயின் லேபிள்கள் இருக்கின்றன. எல்லாம் ஒரே கம்பெனியா? (வாசகி, திருச்சி)

இல்லை. ஒரு காலத்தில் ஒன்றாக இருந்து, பாகம் பிரிந்த குடும்பங்கள் அவை. வோன் ரோமனே ஊரில் மிஷேல் க்ரோ, ஆன் க்ரோ, ஆ.எஃப். க்ரோ, க்ரோ ஃப்ரேர் ஏ சேர் என்று நான்கு லேபிள்களைப் பார்க்கலாம். நான்கும் ஒரே வம்சத்தின் கிளைகள். நிலம், நிலவறை, கணக்கு எல்லாம் தனித்தனி. அதனால் அங்கே ஒயின் வாங்குபவர்கள் குடும்பப் பெயரோடு நிற்காமல் அதற்கு முன்னால் உள்ள பெயரையும் படித்துவிட்டுத்தான் வாங்க வேண்டும்.

இதற்கு வேர் 1804-இல் நெப்போலியன் கொண்டுவந்த சிவில் சட்டம். மூத்தவன், இளையவன், ஆண், பெண் என்ற பேதம் இல்லாமல் பிள்ளைகளுக்குச் சமபங்கு. இதன் எல்லை தெரிய வேண்டுமானால் க்ளோ த வூஜோவைப் பாருங்கள். சிஸ்டர்சியன் துறவிகள் மதில் கட்டி வளர்த்த 50 ஹெக்டேர் தோட்டம் அது. 1889 வரை ஒரே கையில் இருந்தது. இன்று மதிலுக்குள் சுமார் 80 உரிமையாளர்கள்.

துண்டு சிறுத்தால் என்ன கெட்டுப்போகும் என்று கேட்கலாம். ஒருவர் பங்குக்கு 0.1 ஹெக்டேர் வருகிறது என்று வையுங்கள். ஹெக்டேருக்கு 4,000 லிட்டர் விளைச்சல் என்றால் அவருக்குக் கிடைப்பது 400 லிட்டர். பர்கண்டிப் பீப்பாய் 228 லிட்டர். ஒரு பீப்பாய் நிறைந்தபின் 172 லிட்டர் மிஞ்சும். இரண்டாவது பீப்பாயில் அதை ஊற்றினால் மேலே காற்று நிற்கும். ஒயின் புளித்துக் காடியாகும். அதனால் 114 லிட்டர் பிடிக்கும் ஃபையெத் என்ற அரைப் பீப்பாயில் ஒரு பகுதியை ஊற்றி, பாக்கி 58 லிட்டரைக் கண்ணாடிக் குடுவைகளில் கழுத்துவரை நிரப்பி மூடிவைப்பார்கள். மரத்தில் ஆவியாகிக் குறைவதை ஈடுகட்ட அந்தக் குடுவை ஒயின் பயன்படும்.

கேள்வி: மூன்று பிள்ளைகள். ஒருவர் மட்டும் தோட்டத்தில் உழைக்கிறார், மற்ற இருவரும் நகரத்தில் வேலை. சமபங்கு கொடுத்தால் தோட்டம் உடையும். ஒருவருக்கே கொடுத்தால் அநியாயம். அங்கே என்ன செய்கிறார்கள்? (வாசகர், கோவை)

பர்கண்டிக் குடும்பங்களுக்கு இருக்கும் பெரிய தலைவலியே இதுதான், அதனால் விரிவாகச் சொல்கிறோம்.

முதலில் சட்டம் எவ்வளவு இடம் விடுகிறது என்று பார்க்க வேண்டும். ஒரே பிள்ளை என்றால் சொத்தில் பாதி, இரண்டு என்றால் மூன்றில் இரண்டு பங்கு, மூன்றோ அதற்கு மேலோ என்றால் முக்கால் பங்கு பிள்ளைகளுக்கென்று ஒதுங்கிவிடும். உயில் எழுதினாலும் அதில் கை வைக்க முடியாது. மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் பெற்றோர் விருப்பப்படி கொடுக்கக்கூடியது கால் பங்கு. அதையும் உழைக்கும் பிள்ளைக்கே கொடுத்தால் அவருக்குப் பாதி, மற்ற இருவருக்கும் ஆளுக்குக் கால். அதற்கு மேல் போக வழியில்லை.

நிலத்தின் விலைக்கும் அது தரும் வருமானத்துக்கும் பொருத்தமே இல்லாததுதான் சிக்கல். தோட்டம் 30 லட்சம் யூரோ மதிப்பு என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் முழுவதையும் எடுத்துக்கொண்டால் மற்ற இருவருக்கும் சேர்த்து 20 லட்சம் ரொக்கம் தர வேண்டும். ஆறு ஹெக்டேரில் வரும் லாபத்தில் அந்தக் கடனை அடைக்க ஒரு ஆயுள் போதாது. தோட்டத்தில் உழைத்த வாரிசு, நிலத்தைத் தனக்கே ஒதுக்கும்படி நீதிமன்றத்தில் கேட்கலாம். ஈட்டுத் தொகையில் அதிகபட்சம் பாதியைப் பத்து வருடம் வரை தவணையாகக் கட்டவும் அனுமதி கிடைக்கலாம். அப்படியும் மறு பாதியை உடனே கட்டியாக வேண்டும். கடைசியில் ஆகச் சிறந்த துண்டுதான் விலைக்குப் போகும்.

அதனால் விவரம் தெரிந்தவர்கள் நிலத்தையும் தொழிலையும் முதலிலேயே பிரித்துவிடுகிறார்கள். நிலம் முழுவதையும் திராட்சை நிலத்துக்கென்றே உள்ள ஒரு குடும்பக் கம்பெனியின் பெயருக்கு மாற்றுவார்கள். அதன் பங்குகள் மூன்று பிள்ளைகளுக்கும் போகும். டிராக்டர், பீப்பாய், லேபிள், வாடிக்கையாளர் எல்லாம் அடங்கிய தொழில் கம்பெனி உழைக்கும் பிள்ளைக்கு. இரண்டுக்கும் நடுவில் 18 வருடக் குத்தகை. குத்தகைப் பணத்தை ஹெக்டேருக்கு இத்தனை பீப்பாய் ஒயின் என்று கணக்கிட்டு, மாவட்ட நிர்வாகம் ஆண்டுதோறும் அறிவிக்கும் விலையில் ரொக்கமாக்கித் தருவது அந்த ஊர் வழக்கம். நகரத்தில் இருக்கும் இருவருக்கும் வருடா வருடம் பணம் வரும், நிலமும் துண்டாகாது.

குத்தகை முதலில், பங்குகளைப் பிள்ளைகளுக்குத் தானமாக எழுதுவது பிறகு. இந்த வரிசை மாறினால் பெரிய நஷ்டம். நீண்ட காலக் குத்தகையில் உள்ள நிலப் பங்குகளுக்கு, குறிப்பிட்ட வரம்புவரை மதிப்பில் 75 சதவீதமும் அதற்கு மேல் 50 சதவீதமும் வரி விலக்கு உண்டு. ஆனால் குத்தகைதாரரும் பங்கு பெறுபவரும் ஒரே ஆள் என்றால், தானப் பத்திரம் எழுதும் நாளில் குத்தகைக்கு இரண்டு வயதாவது ஆகியிருக்க வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் எழுதினால் அவர் பங்குக்கு விலக்கு போய்விடும். பங்குகளைக் குறைந்தது ஐந்து வருடம் விற்காமல் வைத்திருக்கவும் வேண்டும்.

அடுத்தது, ஆயுள்கால அனுபவ உரிமையைப் பெற்றோர் வைத்துக்கொண்டு வெறும் உடைமையை மட்டும் தானம் செய்வது. அனுபவ உரிமையின் மதிப்பைச் சட்டம் வயதை வைத்து நிர்ணயிக்கிறது. 61 வயது நிறையும் முன் 50 சதவீதம், 71 நிறையும் முன் 40, 81 நிறையும் முன் 30. ஒரு கணக்குப் போடுவோம். மேலே சொன்ன விலக்கைச் சேர்க்கவில்லை. தாய்க்கு 65 வயது, ஒரு பிள்ளைக்கு 10 லட்சம் யூரோ சொத்தைத் தருகிறார். முழுதாகக் கொடுத்தால், பெற்றோர் ஒருவரிடமிருந்து பிள்ளை ஒருவர் வரியின்றிப் பெறக்கூடிய 1 லட்சம் போக 9 லட்சத்துக்கு வரி. படிநிலை விகிதப்படி அது சுமார் 2,13,000 யூரோ. வெறும் உடைமையை மட்டும் கொடுத்தால் மதிப்பு 6 லட்சம், கழிவு போக 5 லட்சம், வரி சுமார் 98,000 யூரோ. தாய் காலமானதும் அனுபவ உரிமை வரியில்லாமல் பிள்ளையின் உடைமையோடு சேர்ந்துவிடும். அந்த 1 லட்சக் கழிவு 15 வருடத்துக்கு ஒருமுறை புதிதாகக் கிடைப்பதால் 55 வயதில் முதல் தானமும் 70 வயதில் இரண்டாவதும் செய்ய முடியும். 75 வயதுவரை தள்ளிப்போடுவது பிள்ளைகளுக்குச் செய்யும் கெடுதல் என்றே சொல்வோம்.

மூன்றாவது, எந்த வகைப் பத்திரம் என்பது. தனித்தனியாகச் சாதாரண தானம் எழுதினால், கொடுத்தபோது நிலம் இருந்த நிலையையும் பாகம் பிரிக்கும் நாளின் விலையையும் வைத்துக் கணக்குப் பார்ப்பார்கள். 5 லட்சத்துக்குப் பெற்ற நிலம் அதற்குள் 15 லட்சம் ஆகியிருந்தால், பெற்றவர் 15 லட்சம் வாங்கியதாகவே எழுதப்படும். நிலம் விலையேறியது அவர் குற்றமா? இதற்கு மருந்து பாகப்பிரிவினைத் தானம். நொத்தேர் என்ற பத்திர அதிகாரி முன்னிலையில் எல்லாப் பிள்ளைகளும் ஆளுக்கொரு பங்கைப் பெற்றுச் சம்மதித்துக் கையெழுத்திட்டால், அன்றைய விலையே நிலைத்துவிடும். ஒரு பிள்ளையை விட்டுவிட்டாலும் அந்தப் பாதுகாப்பு போய்விடும். ஒருவர் பங்கைப் பணமாகக் கொடுத்து அந்தப் பணத்தின் மீது பெற்றோர் அனுபவ உரிமை வைத்துக்கொண்டாலும் அப்படித்தான்.

இன்னொன்றையும் பல குடும்பங்கள் மறந்துவிடுகின்றன. 18 வயதுக்குப் பின் சம்பளம் வாங்காமல் பெற்றோரின் தோட்டத்தில் உழைத்த பிள்ளைக்கு ஒத்திவைத்த கூலி கேட்கும் உரிமை உண்டு. வருடத்துக்கு 2,080 மணி நேரம், குறைந்தபட்ச மணிக்கூலியில் மூன்றில் இரண்டு பங்கு, அதிகபட்சம் 10 வருடம். பாகம் பிரிக்கும் முன் பெற்றோரின் சொத்திலிருந்து கழிக்க வேண்டிய கடன் அது. மற்ற பங்காளிகள் இதைச் சலுகை என்று முணுமுணுப்பதுண்டு. உழைத்த கைக்குச் சேர வேண்டிய கூலி அது, வேறொன்றும் இல்லை.

கேள்வி: புதுச்சேரியில் ரெனோன்சான் குடும்பங்களுக்கும் இதே சட்டமா? (வாசகர், புதுச்சேரி)

அடிப்படை அதே சிவில் சட்டம்தான். 1881 செப்டம்பர் 21 ஆணையின்படி தங்கள் வழக்கச் சட்டத்தைத் துறந்தவர்களின் வழித்தோன்றல்களுக்கு அது பொருந்தும். ஆனால் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்த 1962 ஆகஸ்ட் 16-க்குப் பிறகு பாரிஸில் வந்த திருத்தங்கள் புதுச்சேரியைக் கட்டுப்படுத்தா. மேலே சொன்ன வரிக் கணக்கும் பொருந்தாது.

கேள்வி: தோட்டம் கைக்கு வந்ததும் வாரிசு முதலில் எதைப் பார்க்க வேண்டும்? (வாசகர், தேனி)

கொடிகளை எண்ண வேண்டும். பத்திரத்தில் விலை எழுதும் முன்பே எண்ணினால் இன்னும் நல்லது.

பர்கண்டியில் ஹெக்டேருக்கு சுமார் 10,000 கொடிகள், வரிசைக்கு வரிசை ஒரு மீட்டர், செடிக்குச் செடியும் ஒரு மீட்டர். வருடத்துக்கு 2 சதவீதம் பட்டுப்போனால் 200 கொடிகள். வயதான பெற்றோர் கடைசிப் பத்து வருடம் பட்டுப்போன இடத்தில் புதுக் கன்று நடாமல் விட்டால் 2,000 இடங்கள் காலி, அதாவது 20 சதவீதம். அந்த அளவைத் தாண்டியதும் ஒயின் தர விதிப்படி அனுமதித்த விளைச்சலும் அதே விகிதத்தில் குறையும். எண்ணுவதற்கு ஏற்ற காலம் ஆகஸ்ட், செப்டம்பர். இலை இருக்கும்போதுதான் நோயுற்ற கொடி தெரியும்.

பெரும்பாலான சாவுக்குக் காரணம் எஸ்கா என்ற மரநோய். இலையில் நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, இடையில் மஞ்சளும் பழுப்புமாகப் புலிவரி விழும். சில கொடிகள் கோடையில் சில நாட்களுக்குள் மொத்தமாகக் கருகிவிடும். இதற்குப் பயன்பட்ட சோடியம் ஆர்சனைட் விஷத்தை பிரான்ஸ் 2001-இல் தடை செய்தது. மாற்று மருந்து இன்றுவரை இல்லை, எனவே கவாத்துதான் காப்பு.

அங்கே பரவலாகச் செய்வது கியோ கவாத்து. தண்டின் தலையில் ஐந்து முதல் எட்டு மொட்டுவரை உள்ள ஒரு நீளக் கிளை, பக்கத்தில் இரண்டு மொட்டு விட்ட ஒரு குட்டைக் குச்சி. இந்த வருடப் பழம் நீளக் கிளையில் தொங்கும், அடுத்த வருடக் கிளை குட்டைக் குச்சியிலிருந்து வரும். வெட்டிய இடத்துக்குக் கீழே மரம் கூம்பு வடிவில் உள்நோக்கிக் காயும். தண்டை ஒட்டி வழவழப்பாக வெட்டினால் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் காய்ந்த கூம்பு சாறு ஓடும் பாதைக்குள்ளேயே இறங்கிவிடும். அதனால் கிளையின் தடிமன் எவ்வளவோ அவ்வளவு நீளத்துக்கு முனை விட்டு வெட்ட வேண்டும். காய்ந்த முனையை அடுத்த குளிர்காலத்தில் எடுத்துவிடலாம். பழைய தடித்த மரத்தில் ரம்பம் போடும் நிலை வராமல் பார்த்துக்கொள்வது அதைவிட முக்கியம். வெட்டுகள் எல்லாம் தண்டின் மேல்பக்கத்திலேயே விழுந்தால் அடிப்பக்கத்தில் சாறு தடையின்றி ஓடும். இதை பூஸார் முறை என்பார்கள்.

நோய் வந்த கொடியை உடனே பிடுங்கிவிட வேண்டாம். சின்னச் சங்கிலி ரம்பத்தால் தண்டைத் திறந்தால் உள்ளே மஞ்சள் கலந்த வெள்ளை நிறத்தில், பஞ்சுபோல் நொறுங்கும் மரம் இருக்கும். அதைச் சுத்தமாகச் சுரண்டி, நல்ல மரத்தைத் திறந்தபடி காற்றாட விட்டால் பல கொடிகள் பிழைத்து மறுபடி காய்க்கின்றன. 50 வயதுக் கொடியின் வேர் மண்ணில் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று நினைத்தால், ஒரு செடிக்கு அரை மணி நேரம் செலவிடுவது பெரிதல்ல.

செத்தே போனது என்றால் பழைய வேரோடு தோண்டி எடுத்துவிட்டு, அமெரிக்க வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டிய கன்றை வைத்து அடையாளக் குச்சி நட வேண்டும். இரண்டு பக்கமும் முதிர்ந்த கொடிகளின் நிழலும் வேரும் கன்றை நெருக்கும். குச்சி இல்லாத கன்று உழவுக் கொழுவில் போகும். முதல் இரண்டு கோடையில் தண்ணீர் ஊற்றாவிட்டால் நட்டதே வீண்.

கேள்வி: நிலவறையில் இருக்கும் ஒயின் யாருக்கு? (வாசகி, சென்னை)

ஆறு ஹெக்டேர், ஹெக்டேருக்கு 40 ஹெக்டோலிட்டர் என்றால் வருடத்துக்கு 24,000 லிட்டர், சுமார் 105 பீப்பாய், 32,000 பாட்டில். எந்த நேரத்திலும் ஒரு வருட ஒயின் பீப்பாயிலும், அதற்கு முந்தைய வருடத்தது பாட்டிலிலுமாக இருக்கும். இதையும் வாரிசு விலை கொடுத்து வாங்க வேண்டுமென்றால் ஆரம்பத்திலேயே கழுத்தை நெரிக்கும்.

எங்கள் பரிந்துரை: கிடங்குச் சரக்கைப் பெற்றோர் வைத்துக்கொண்டு தாங்களே மெல்ல விற்கட்டும். குத்தகையை நவம்பர் 11, புனித மார்ட்டின் நாளில் தொடங்குவது அங்கே பழைய வழக்கம். அறுவடை பெற்றோருக்கு, அன்றிலிருந்து கவாத்தும் செலவும் வாரிசுக்கு. ஒரு விஷயத்தை மட்டும் மறக்கக் கூடாது. வாரிசின் முதல் அறுவடை பத்து மாதம் கழித்து. பீப்பாயில் ஒரு வருடம் ஒன்றரை வருடம் கிடந்து, பாட்டிலாகி, விற்றுக் காசு வர மொத்தம் இரண்டு வருடத்துக்கு மேல் ஆகும். அதுவரைக்குமான கூலி, மருந்து, புதுப் பீப்பாய்ச் செலவுக்குக் கையில் பணம் வேண்டும். தோட்டத்தை வரியில்லாமல் வாங்கிவிட்டு இந்த இடைவெளியில் மூச்சுத் திணறுகிறவர்கள் உண்டு.

ஒரே நிலவறையில் இரண்டு பேர் ஒயின் இருக்கும்போது, பீப்பாய்தோறும் யாருடையது என்று சுண்ணக்கட்டியால் எழுதிவைக்க வேண்டும். ஜூலை 31 நிலவரப்படியான இருப்புக் கணக்கைச் செப்டம்பர் 10-க்குள் சுங்கத் துறைக்குத் தனித்தனியாகக் காட்ட வேண்டும். ஆவியாகிக் குறைந்த பீப்பாயை நிரப்பும்போது அப்பா பீப்பாய்க்கு மகள் ஒயினை ஊற்றிவிட்டுப் பதிவு செய்யாமல் விட்டால் இருவர் கணக்கும் உதைக்கும்.

கேள்வி: பங்காளிகளில் ஒருவர் தன் பங்கு நிலத்தை வெளியாருக்கு விற்றுவிட முடியுமா? (வாசகர், மதுரை)

நிலம் அவர் பெயரிலேயே நேரடியாக இருந்தால் விற்கலாம், ஆனால் குத்தகைக்கு உழுதுகொண்டிருப்பவருக்கு முதல் உரிமை. அவர் வேண்டாம் என்றால் சாஃபேர் என்ற நில அமைப்பு குறுக்கிட்டு வாங்கி வேறொரு விவசாயிக்குக் கொடுக்கலாம். நிலம் குடும்பக் கம்பெனியில் இருந்தால், மற்ற பங்காளிகளின் சம்மதம் இல்லாமல் பங்குகளை வெளியாருக்கு மாற்றக் கூடாது என்ற ஷரத்தைக் கம்பெனி தொடங்கும் நாளிலேயே எழுதிவைப்பார்கள். குத்தகை உரிமையை மட்டும் வெளியாருக்குக் கைமாற்ற நினைத்தால் பொதுவாக அது நடக்காது: நில உரிமையாளரோ நீதிமன்றமோ அனுமதித்தால் வாழ்க்கைத் துணைக்கோ பிள்ளைக்கோ மட்டும் மாற்றலாம். அனுமதி வாங்காமல் மாற்றினால் குத்தகையே ரத்தாகும்.