கேட்டால் சொல்வோம்: பலெர்மோவரை போனால் செஃபலூவுக்கும் போங்கள்

கேள்வி: அக்கா குடும்பத்தோடு இத்தாலியில் பலெர்மோ நகரத்தில் இருக்கிறா. அம்மாவையும் கூட்டிக்கொண்டு மூன்று கிழமை வந்து நிற்கச் சொல்கிறா. ரோம், வெனிஸ், மிலான் என்று அத்தான் பெரிய பட்டியலே போட்டு வைத்திருக்கிறார். அம்மாவுக்கு முழங்கால் நோ. ஓடித்திரியாமல் ஒரு பழைய கடற்கரை ஊரை ஆறுதலாகப் பார்க்க முடியாதா?
- வாசகி, கொக்குவில்

பதில்: தங்கச்சி, அத்தானின் பட்டியலை வாங்கி மடித்து வையுங்கள். முழங்கால் நோவோடு இருக்கிற அம்மாவை வெனிசுக்குக் கொண்டுபோனால் பாலத்துக்குப் பாலம் படி ஏறி இறங்கவே பொழுது போய்விடும், மிச்சம் விமான நிலையத்தில் போகும். பலெர்மோவிலிருந்து மெசினாப் பக்கம் போகிற ரயிலில் ஏறினால் ஏறத்தாழ ஒரு மணித்தியாலத்தில் செஃபலூ. சிசிலியின் வடகரையில் ஒரு பெரிய பாறைக்கும் கடலுக்கும் இடையில் கிடக்கிற சின்ன ஊர். ஸ்டேசனில் இறங்கினால் பழைய நகரத்துக்குப் பத்து நிமிட நடைதான், அதுவும் அம்மாவின் வேகத்தில் போனால் கொஞ்சம் கூட ஆகும், ஆகட்டும்.

ரிக்கெற் பற்றி ஒன்று. கடதாசி ரிக்கெற் எடுத்தால் ரயில் ஏற முன்னம் ஸ்டேசனில் இருக்கிற மெசினில் அதை அடித்துக்கொள்ள வேணும். காசு கொடுத்து ரிக்கெற் வாங்கிவிட்டு இதை மறந்து தண்டம் கட்டுகிற ஆட்கள் நிறைய.

விடிய வெளிக்கிட்டால் முதலில் தேவாலயத்தைப் பாருங்கள். அதைப் பற்றிக் கீழே வேறொருவர் கேட்டிருக்கிறார், அங்கே சொல்கிறேன். அம்மாவுக்கு நான் காட்டச் சொல்வது லவத்தோயோ என்கிற பழைய உடுப்புத் தோய்க்கும் இடம். விட்டோரியோ எமானுவேலே தெருவில் வீடுகளுக்கு நடுவே எரிமலைக் கல்லால் கட்டிய படி கீழே இறங்கும். கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், ஈரத்தில் கல் வழுக்கும். கீழே போனால் வரிசையாகக் கல் தொட்டிகள், ஒவ்வொன்றிலும் துணியை வைத்து உரசுகிற சரிவான கல், சுவரில் இரும்பாலான சிங்க முகங்கள், அவற்றின் வாயிலிருந்து தண்ணீர் நிற்காமல் விழுந்துகொண்டே இருக்கும். மலையிலிருந்து வருகிற செஃபலீனோ என்கிற நல்ல தண்ணீர் ஆறு இது. தொட்டிகளைக் கடந்து ஒரு பொந்து வழியாகக் கடலுக்குப் போய்விடும். வெள்ளியைவிடத் தூய்மையானது, பனியைவிடக் குளிர்ந்தது என்று வாசலில் எழுதிவேறு வைத்திருக்கிறார்கள். உப்புக் கடலுக்குப் பக்கத்திலேயே நல்ல தண்ணீர் எப்படி என்று அங்கே வருகிற வெள்ளைக்காரர் வாயைப் பிளப்பார்கள்; கீரிமலைக் கேணியில் குளித்து வளர்ந்த உங்கள் அம்மா பிளக்கமாட்டா. ஆனால் அந்தத் தொட்டிகளைப் பார்த்ததும் தோய்த்த காலத்துக் கதையெல்லாம் எடுத்துவிடுவா, அதுக்கு நேரம் ஒதுக்குங்கள்.

பிறகு பெஸ்காறா வாசல். கோட்டை மதிலில் மிஞ்சியிருக்கிற மீனவர் வாசல் அது, அதன் வளைவுக்குள் கடல் தெரியும், அப்பால் பழைய துறை. அங்கே இருந்து ஒரு ஐஸ்கிறீம் குடியுங்கள். கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்று மட்டும் முன்னமே பார்த்துக்கொண்டு, பின்னேர வெயில் பாறையில் சாயும்வரை நில்லுங்கள். காலமை வந்து மத்தியானமே திரும்புகிறவர்கள் ஊரின் நல்ல பாதியை விட்டுவிட்டுப் போகிறார்கள் என்பது என் எண்ணம்.

கேள்வி: நாங்கள் சைவக்காரர். அங்கே தேவாலயத்துக்குள் போகலாமா? போனால் பார்க்க என்ன இருக்கிறது?
- வாசகர், மானிப்பாய்

பதில்: தாராளமாகப் போகலாம். தோளும் முழங்காலும் மூடியிருந்தால் போதும், சேலைக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. பூசை நடக்கிற நேரத்தில் மட்டும் சுற்றிப் பார்க்காதீர்கள்.

செஃபலூத் தேவாலயம், பிரான்சின் வடக்கிலிருந்து வந்த நோர்மன்காரரின் அரசர் இரண்டாம் றொஜர் 1131 இல் கட்டத் தொடங்கியது. கடலில் புயலில் அகப்பட்டு, உயிர் தப்பினால் கோயில் கட்டுவேன் என்று நேர்ந்து, செஃபலூவில் கரை சேர்ந்தார் என்று ஊரில் கதை சொல்வார்கள். உள்ளே நேராகப் பீடத்துக்கு மேலே பாருங்கள்: தங்கப் பின்னணியில் சின்னச் சின்னக் கண்ணாடித் துண்டுகள் பதித்துச் செய்த மிகப் பெரிய கிறிஸ்து உருவம், 1148 இல் முடித்தது, பைசாந்தியம் என்கிற கிரேக்கப் பேரரசின் கலைஞர்களின் கைவேலை. நெற்றியில் விழுந்து கிடக்கிற இரண்டு மயிர்க்கற்றைகூடத் தெரியும். கையில் விரித்த புத்தகத்தில் ஒரு பக்கம் கிரேக்கம், மற்றப் பக்கம் லத்தீன், 'உலகத்தின் ஒளி நானே' என்கிற வசனம். 858 இல் அரபியர் பிடித்த ஊர், 1063 இல் நோர்மன்காரர் கைக்கு வந்தது, அவர்கள் கிரேக்கரை வைத்து வேலை செய்வித்தார்கள். இந்தக் கலப்புக்காகத்தான் 2015 இல் யுனெஸ்கோ பலெர்மோவோடு சேர்த்து இதையும் உலக மரபுரிமைப் பட்டியலில் எடுத்தது.

ஒரு வம்புக் கதையும் இருக்கிறது. தன்னை இங்கேதான் அடக்க வேணும் என்று அரசர் செந்நிறக் கல்லில் கல்லறைப் பெட்டிகள் கொண்டுவந்து வைத்திருந்தார். 1154 இல் செத்ததும் பலெர்மோவிலேயே அடக்கிவிட்டார்கள். பேரன் இரண்டாம் பிரெடெரிக் 1215 இல் அந்தப் பெட்டிகளையும் பலெர்மோவுக்குத் தூக்கிப் போய்விட்டார், கடைசியில் ஒன்றில் அவரே படுத்திருக்கிறார்.

சைவக்காரர் என்று தயங்குகிறீர்கள். பலெர்மோவில் இருக்கிற எங்கள் ஆட்கள், சைவரும் கத்தோலிக்கரும், அந்த நகரத்தின் காவல் புனிதை சாந்தா றொசாலியாவைக் கும்பிடப் பெல்லெகிறீனோ மலை ஏறுகிறவர்கள்தான்.

கேள்வி: மச்சம் தொடமாட்டேன். சிசிலியில் பட்டினியா?
- வாசகி, சுன்னாகம்

பதில்: இல்லை. பனெல்லே கேளுங்கள்: கடலைமாவைக் காய்ச்சி ஆறவிட்டு வெட்டி எண்ணெயில் பொரித்துப் பாணுக்குள் வைத்துத் தருவார்கள், வயிறு நிறையும். கத்தரிக்காயைப் புளிப்பும் இனிப்புமாகச் சமைக்கிற கப்போனாத்தாவும் நல்லது. ஏமாற்றுவது ஸ்பிஞ்சோனே, பார்த்தால் தக்காளி போட்ட தடித்த பாண், உள்ளே நெத்தலி. கண்டிப்பானவர் என்றால் பர்மிஜானோ சீஸையும் விடுங்கள், கன்றுக்குட்டியின் இரைப்பை நொதியால் பால் திரைத்துச் செய்வது அது. 'நோன் மாஞ்ஜோ நே கார்னே நே பேஷ்ஷே', இறைச்சியும் மீனும் தின்னமாட்டேன். இதைப் பாடமாக்கிக்கொண்டு போங்கள். மூன்று மணிக்குப் பிறகு பல கடைகளில் குசினி பூட்டிவிடும், இரவு ஏழரைபோலத்தான் திரும்பத் திறப்பார்கள். பில்லில் கோப்பெர்த்தோ என்று ஒரு தொகை இருந்தால் சண்டை பிடிக்காதீர்கள், மேசையில் இருந்ததற்கான காசு அது.

கேள்வி: எங்கள் ஊரிலேயே கடல். இன்னொரு கடலைப் பார்க்க இவ்வளவு காசு கொட்ட வேணுமா?
- வாசகர், பருத்தித்துறை

பதில்: கடலுக்காகப் போகாதீர்கள் தம்பி, மனிதருக்காகப் போங்கள். செஃபலூவில் ஓகஸ்ட் 6 இல் சான் சல்வத்தோரே திருவிழா, கடலுக்கு மேலே படுக்கையாகக் கட்டின வழுக்குமரத்தில் நடந்துபோய் நுனியில் இருக்கிற கொடியை எடுக்கவேணும், பெரும்பாலானவர் தண்ணீரில். சனமும் வெயிலும் வேண்டாம் என்றால் மே, ஜூன், செப்டெம்பர். கால் பலம் இருக்கிறபடியால் பாறை உச்சிக்கும் ஏறுங்கள், 270 மீற்றர், சப்பாத்துப் போட்டுக்கொண்டு, தண்ணீர்ப் போத்தலோடு.

மந்திராலிஸ்கா அருங்காட்சியகத்தை விடாதீர்கள். அந்தொனெல்லோ தா மெசினா 15ஆம் நூற்றாண்டில் வரைந்த ஓர் ஆணின் முகம், ஓரடி உயரப் பலகை. வாயோரம் ஒரு நக்கல் சிரிப்பு. கண்ணிலும் உதட்டிலும் கீறல்கள். லிப்பாரித் தீவில் ஒரு மருந்துக்கடை அலுமாரிக் கதவாக இருந்த காலத்தில், அந்தச் சிரிப்பைத் தாங்கமாட்டாமல் கடைக்காரரின் மகள் கீறினாள் என்று கதை. உண்மையோ பொய்யோ, படத்துக்கு முன்னால் நின்றால் அவள்மேல் கோபம் வராது.

கேள்வி: விசாவுக்கு எப்போது போட வேணும்?
- வாசகர், சாவகச்சேரி

பதில்: பயணத்துக்கு ஆறு மாதத்துக்கு முன்னரே போடலாம், 15 நாளுக்குக் குறைந்தால் ஏற்பதில்லை. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்புறுதி வேணும். கட்டணம் 2024 ஜூன் முதல் பெரியவருக்கு 90 யூரோ, விசா கிடைக்காவிட்டாலும் திரும்பாது. உறவினர் வீட்டில் நிற்பதென்றால் அவர்களின் அழைப்புக் கடிதம் வேணும். நீங்கள் போய் இறங்கி 48 மணித்தியாலத்துக்குள் வீட்டுக்காரர் பொலிசுக்கு அறிவிக்கவும் வேணும். விசா நிச்சயம் என்று சொல்லி முற்பணம் கேட்கிற ஏஜென்சிக்காரரைக் கண்டால் வேறு வழியால் போங்கள்.