நாய்க்கு வைத்த செயற்கை இடுப்பு ஏன் ஆட்டம் காண்கிறது?

வேலூர் வட்டாரத்து நாய் வளர்ப்போர் கேட்டவற்றுக்குக் கால்நடை அறுவை மருத்துவர் ஒருவரின் பதில்கள்.

கேள்வி (காட்பாடி): டாக்டர், எங்கள் லாப்ரடாருக்குச் சிமென்ட் வைத்து இடுப்பு மூட்டு மாற்றினார்கள். அந்தச் சிமென்ட் விட்டுப்போகுமா?

பதில்: முதலில், அது பசையே அல்ல. பாலிமெதில் மெதாக்ரிலேட் என்ற பிளாஸ்டிக். தூளையும் திரவத்தையும் குழைத்தால் சூடாகி, சில நிமிடங்களில் கல்லாகிவிடும். அதற்குள் எலும்பின் நுண்துளைகளில் புகுந்தால்தான் பிடிப்பு. துளைகளில் ரத்தமும் கொழுப்பும் தங்கியிருந்தால் முதல் நாளே பிடிப்பு அரைகுறைதான். நன்றாகப் பிடித்த மூட்டும் சில ஆண்டுகள் கழித்து ஆடலாம். செயற்கை மூட்டில் பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக் கிண்ணத்தில் உலோகக் குண்டு உரசி உரசிக் கண்ணுக்குத் தெரியாத துகள்கள் உதிரும். அவற்றை விழுங்கிய உடல் அணுக்கள் செரிக்க முடியாமல் சில வேதிப்பொருட்களைச் சுரக்கின்றன. சிமென்ட் ஓரத்து எலும்பு கரைகிறது. கிருமியே இல்லாமல் நடக்கும் வேலை இது.

கேள்வி (குடியாத்தம்): எங்கள் பையன் நன்றாகத்தான் ஓடுகிறான். ஆண்டுதோறும் எக்ஸ்ரே எதற்கு?

பதில்: நன்றாக ஓடும்போதே எடுக்கத்தான். நொண்டிய பிறகு வந்தால் எலும்பு நிறையவே கரைந்திருக்கும். சிமென்டுக்கும் எலும்புக்கும் நடுவே கருங்கோடு தெரிகிறதா என்று பார்ப்போம். மெல்லிய கோடு அப்படியே இருந்தால் பயமில்லை. போன ஆண்டைவிட அகன்றிருந்தாலோ, தொடை எலும்புக்குள் செருகிய உலோகத் தண்டு சாய்ந்திருந்தாலோ விடக்கூடாது. அறுவை முடிந்தவுடன் எடுத்த படத்தைத் தொலைத்துவிடாதீர்கள், ஒப்பிட அதுதான் ஆதாரம். வீட்டில் நீங்களும் பார்க்கலாம்: நாயை நிற்க வைத்து, பின்னாலிருந்து இரு தொடைகளையும் இரு கைகளால் பிடியுங்கள். ஒரு பக்கம் சதை வற்றியிருந்தால் அந்தக் காலில் அது சரியாகப் பாரம் போடுவதில்லை.

கேள்வி (ராணிப்பேட்டை): வலிக்கு ஐபுப்ரூஃபென் கொடுக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. வயிற்றில் புண்ணாகும், சிறுநீரகம் கெடும்.

கேள்வி (சத்துவாச்சாரி): திடீரென்று காலைத் தூக்கிக்கொண்டது. ஆன்டிபயாடிக் தொடங்கிவிடட்டுமா, டாக்டர்?

பதில்: பொறுங்கள், அம்மா. இன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். மூட்டு நீரை எடுத்துக் கிருமிப் பரிசோதனைக்கு அனுப்பிய பிறகே மருந்து. முன்பே கொடுத்தால் சோதனையில் கிருமி சிக்காமல் போகலாம். தோல் புண், சொத்தைப் பல் இருந்தால் அதையும் சொல்லுங்கள். அங்கிருந்து ரத்தம் வழியாகவும் கிருமி மூட்டுக்குப் போகும்.

கேள்வி (ஆம்பூர்): ஆடியே விட்டது என்று வைத்துக்கொள்வோம். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் சரிசெய்வார்களா?

பதில்: உங்களுக்கென்றால் செய்வார்கள், ஐயா! நாய்க்குச் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் காட்டிக் கருத்துக் கேளுங்கள். கிருமி இல்லாமல், எலும்பும் போதிய அளவு மிஞ்சியிருந்தால் புதிய மூட்டு வைக்கலாம். கிருமி இருந்தால் பெரும்பாலும் மூட்டோடு சிமென்டையும் சுரண்டி எடுத்துவிட வேண்டும். பிறகு அந்த இடத்தில் வளரும் நார்த்திசுவே மூட்டாக நின்று நாய் நடக்கும். எடை மிகுந்த நாய்க்கு அது சிரமம். ஆம்பூர்க்காரரிடம் சொல்லத் தயக்கம்தான், ஆனாலும் மிச்ச பிரியாணி போடுவதை இன்றோடு நிறுத்துங்கள்.