பயிலரங்கில் ஓடிய மல்டிலெவல் மாடல் சொந்தத் தரவில் ஓடவில்லை

மல்டிலெவல் மாடல், அதாவது மாணவர், பள்ளி என்ற இரண்டு மட்டங்களின் வேறுபாட்டையும் சேர்த்து மதிப்பிடும் புள்ளியியல் முறை, பயிலரங்கில் ஓடியது, சொந்தத் தரவில் ஓடவில்லை, இன்னொரு பயிலரங்குக்குப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போது விண்ணப்பிக்க வேண்டாம். உங்கள் தரவில் 6 பள்ளிகள், 240 மாணவர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். குறை உங்கள் பயிற்சியில் இல்லை. பெரும்பாலும் அந்த 6-இல்தான் இருக்கிறது.

பயிலரங்கில் தரும் பயிற்சித் தரவில் பொதுவாகப் பள்ளிகள் நிறைய இருக்கும். பள்ளிகளுக்கு இடையிலான வேறுபாட்டை மதிப்பிடப் பள்ளிகளின் எண்ணிக்கைதான் முக்கியம். மாணவர்களை மட்டும் கூட்டினால் போதாது.

சோதித்துப் பாருங்கள்: விளக்க மாறிகளை (முடிவைப் பாதிக்கும் என்று நீங்கள் சேர்த்த காரணிகளை) எல்லாம் எடுத்துவிட்டு, பள்ளிப் பிரிவு மட்டும் உள்ள வெற்று மாடலை ஓட்டுங்கள். பள்ளி மட்டத்து மாறுபாடு பூஜ்யத்தில் போய் ஒட்டிக்கொண்டால் காரணம் பெரும்பாலும் பள்ளிகள் குறைவாக இருப்பதுதான். அப்புறம், பள்ளிகளை 5 டம்மி மாறிகளாக (மாணவர் அந்தப் பள்ளி என்றால் 1, இல்லையென்றால் 0; ஆறாவது பள்ளி ஒப்பிடும் அடிப்படை) வைத்துச் சாதாரண ரிக்ரெஷன் ஓட்டலாம்.

ஆனால் அப்படிச் செய்தால் பள்ளியின் அளவு, நிர்வாக வகை போன்றவற்றின் விளைவைத் தனியே பிரித்துச் சொல்ல முடியாது. முடிவையும் இந்த 6 பள்ளிகளைத் தாண்டி நீட்டக்கூடாது. உங்கள் ஆய்வுக் கேள்வியே அதைப் பற்றியது என்றால், கூடுதல் பள்ளிகளைச் சேர்ப்பதைத் தவிர வழியில்லை.

அடுத்த முறை பயிலரங்கு தேடும்போது, சொந்தத் தரவைக் கொண்டுவந்து பயிற்றுநருடன் தனியாக உட்கார்ந்து பார்க்க நேரம் தருவார்களா என்று முதலில் கேளுங்கள். ஆய்வில் புதிதாக நுழைந்தவர்களுக்கு அந்த ஒரு மணி நேரம் மூன்று நாள் விரிவுரையைவிடப் பெரிது.