பொருளா, படமா? எழும்பூர் மியூசியத்தில் ஒரு கோடைக் காலை

கேள்வி: கொளத்தூரில் இருக்கிறோம். மே மாதம் நெல்லையிலிருந்து நாத்தனார் பிள்ளைகள் இரண்டு பேர் (10, 13 வயது) லீவுக்கு வருகிறார்கள். எழும்பூர் மியூசியத்தில் கோடைச் சிறப்புக் கண்காட்சி நடந்தால் கூட்டிப் போகலாம் என்று இருக்கிறேன். போன வருடம் மூன்று மணி நேரம் சுற்றியும் திமிங்கல எலும்பைத் தவிர எதுவும் அவர்கள் மனதில் நிற்கவில்லை. இந்த முறை 70 வயது மாமியாரும் வருகிறார். கண்காட்சியை மட்டும் பார்த்தால் போதுமா? எப்படித் திட்டமிடுவது? இன்னொன்று, சாமி சிலைகளுக்கு முன்னால் செருப்போடு நிற்கலாமா என்று மாமியார் இப்போதே கேட்கிறார்.

பதில்: திமிங்கலம் நின்றதே, அதற்கே சந்தோஷப்படுங்கள். 1874இல் மங்களூர்க் கடற்கரையில் ஒதுங்கிய அந்த எலும்புக்கூடு தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளைப் பிடித்து நிறுத்தி வைத்திருக்கிறது. தப்பு பிள்ளைகள் மேல் இல்லை, மூன்று மணி நேரத்தின் மேல். ஆறு கட்டடம், 46 காட்சிக்கூடம் என்று பரந்து கிடக்கும் வளாகத்தை ஒரே மூச்சில் பார்த்தால் பெரியவர்களுக்கே தலை சுற்றும். பள்ளிப் பிள்ளைகளை மியூசியங்களுக்கு அழைத்துப் போக ஆரம்பித்த காலத்தில் நானும் இதே தப்பைச் செய்தேன். ஓர் ஊரில் காசு கொடுத்தாயிற்றே என்று எல்லாக் கூடத்தையும் காட்டி முடித்தேன். வெளியே வந்து என்ன பிடித்தது என்று கேட்டால், வாசலில் விற்ற ஐஸ் பிடித்தது என்றான் ஒருவன்.

கண்காட்சிக்கு வருவோம். கிளம்பும் முன் போன் செய்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: வைத்திருப்பது பொருளா, படமா? மே 18 உலக அருங்காட்சியக தினம். அதையொட்டி மியூசியங்களில் சிறப்புக் கண்காட்சி வைப்பது வழக்கம். அவற்றில் சில, சுவரோரம் நிறுத்திய படப் பலகைகளோடு முடிந்துவிடும். அதை மட்டம் என்று சொல்லவில்லை, ஆனால் பத்து வயதுப் பிள்ளைக்குப் படம் வீட்டு செல்போனிலேயே கிடைக்கிறது. காசு, ஓலைச்சுவடி, பழைய துணி, ஓவியம் என்று நிஜப் பொருளைக் கிடங்கிலிருந்து எடுத்து வைத்திருக்கிறார்கள் என்றால் கட்டாயம் போங்கள். மறுபடி எப்போது வெளியே வருமோ தெரியாது.

ஏன் என்று பிள்ளைகளிடம் சொல்லியே கூட்டிப் போகலாம். எந்தப் பெரிய மியூசியமும் தன்னிடம் இருப்பதில் ஒரு பங்கைத்தான் காட்சிக்கு வைக்கும். இடம் போதாது என்பது ஒரு காரணம், வெளிச்சம் இன்னொன்று. காகிதமும் துணியும் இயற்கைச் சாயமும் வெளிச்சம் படப்பட வெளுக்கும், மாடிக் கொடியில் காய்ந்த சேலை மாதிரி. வெளுத்தது திரும்ப வராது. அதனால் இந்த மாதிரிப் பொருட்களுக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவுக்கு மங்கலான விளக்கு போதும் என்பது உலகம் முழுக்க மியூசியங்கள் வைத்துக்கொண்ட கணக்கு. சில மாதம் காட்டிவிட்டு இருட்டில் ஓய்வும் கொடுப்பார்கள். 'ஏன் இவ்வளவு இருட்டு?' என்று சின்னது கேட்டால் பதில் இதுதான். ஃபிளாஷ் வேண்டாம் என்று சொல்லும்போது அதுவாகவே புரிந்துகொள்ளும். கேமராவுக்குத் தனிக் கட்டணம் உண்டு, நுழைவுச்சீட்டு வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

கண்காட்சிக்கு முக்கால் மணி நேரம் போதும். ஆனால் அதோடு திரும்பி வராதீர்கள். நிரந்தரக் கூடங்களில் இரண்டே இரண்டு இடம் தேர்ந்தெடுங்கள், மீதியைத் திரும்பிப் பார்க்காமல் கடந்துவிடுங்கள். உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு நான் தேர்ந்தெடுத்துக் கொடுப்பதானால் முதலாவது ஆதிச்சநல்லூர்.

நெல்லைப் பிள்ளைகளுக்கு அது தாமிரபரணிக் கரையில் இருக்கிற பக்கத்து ஊர், பழங்கால இடுகாடு இருந்த இடம். 1876இல் யாகோர் என்ற ஜெர்மானியர் அங்கே தோண்டி எடுத்தவை பெர்லினுக்குப் போயின. பிறகு 1899 முதல் சில ஆண்டுகள் தொல்லியலாளர் அலெக்சாந்தர் ரீ தோண்டியதில் கிடைத்தவை சென்னைக்கு வந்தன. முதுமக்கள் தாழி, இரும்பு ஆயுதங்கள், மிருக உருவம் வைத்த வெண்கல மூடிகள், நெற்றியில் கட்டும் மெல்லிய தங்கப் பட்டங்கள் என்று பெரிய புதையல் அது. காட்சியில் இருப்பதில் ஒன்றை மட்டும் காட்டி, 'இது உங்கள் ஊர்க்காரர் ஒருவரோடு புதைத்தது, உங்களைப் போலவே இதுவும் சென்னைக்கு வந்திருக்கிறது' என்று சொல்லுங்கள். அப்புறம் நீங்கள் பேச வேண்டாம். மாமியாருக்கும் அந்தப் பக்கத்துப் பழக்கம் இருந்தால் பரம்பு, தாழிக்காடு என்று அந்த இடுகாட்டு மேட்டின் பெயரைச் சொல்லி அவரே கதையைப் பிடித்துக்கொள்வார்.

நெல்லை ரயில் எழும்பூருக்கு வரும் வழியில் பல்லாவரத்தைத் தாண்டித்தான் வரும் என்பதையும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் அங்கே ஒரு சரளைப் பள்ளத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் அப்படி அடையாளம் காணப்பட்ட ஆரம்பக் கண்டுபிடிப்பு அது. அவர் சேர்த்த கற்கருவித் தொகுப்பு பின்னால் இந்த மியூசியத்துக்குத்தான் வந்தது.

இரண்டாவது அமராவதிச் சிற்பங்கள். ஆந்திராவின் அமராவதி புத்த ஸ்தூபியிலிருந்து 1845இல் வால்டர் எலியட் என்ற ஆங்கிலேய அதிகாரியும் அவருக்குப் பின் மற்றவர்களும் எடுத்தவை. அதில் ஒரு பங்கு லண்டனுக்குப் போய்விட்டது, ஒரு பங்கு இங்கே நின்றது. நளகிரி யானையைப் புத்தர் அடக்கும் வட்டச் சிற்பத்தைத் தேடிப் பிடியுங்கள். ஒரே வட்டத்துக்குள் ஒரே யானை இரண்டு முறை இருக்கும். ஒரு பக்கம் மதம் பிடித்துத் தெருவைத் துவம்சம் செய்கிறது, மறுபக்கம் புத்தர் காலடியில் பணிந்து கிடக்கிறது. சுமார் 1,800 வருடத்துக்கு முந்தைய காமிக்ஸ்! இரண்டு யானை என்று பிள்ளைகள் சொல்வார்கள். திருத்தாதீர்கள். அது ஒரே யானை என்பதை அவர்களே கண்டுபிடிக்கும் வரை காத்திருங்கள், பத்து நிமிடம் ஆனாலும் சரி. மேலே சன்னலிலிருந்து எட்டிப் பார்க்கிறவர்களை எண்ணச் சொல்லலாம். கோடில்லாத நோட்டும் பென்சிலும் கொடுத்தால் இன்னும் நல்லது. நன்றாக வரைய வேண்டும் என்பதில்லை, வரையும்போது கண் நிற்கும்.

மற்ற ஏற்பாடுகள் சுலபம். வெள்ளிக்கிழமை விடுமுறை; புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் மியூசியத்துக்கும் அதே நாள்தான். வெள்ளி மட்டும்தான் தோதுப்படும் என்றால் முட்டுக்காடு தட்சிணசித்ராவுக்குப் போங்கள், அங்கே விடுமுறை செவ்வாய். எழும்பூரில் காலை ஒன்பதரைக்குத் திறக்கும்போதே உள்ளே இருங்கள். கட்டடத்துக்குக் கட்டடம் திறந்த வெளியில் நடக்க வேண்டும், கத்திரி வெயிலில் பன்னிரண்டு மணிக்கு அந்த நடை மாமியாருக்கு ஆகாது. அவருக்காக ஒரு கூடத்தைக் குறைத்துக்கொண்டாலும் நஷ்டமில்லை.

நடக்கும் வழியில் சொல்ல ஒரு கதை. இந்த மியூசியம் 1851இல் நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில், காலேஜ் என்று பெயர் பெற்ற கட்டடத்தில் தொடங்கியது. முதல் பொறுப்பாளரான எட்வர்ட் பால்ஃபர் கூட்டம் சேர்க்க உயிருள்ள புலிக்குட்டியையே கொண்டுவந்து வைத்தார், கூட்டமும் சேர்ந்தது. பிறகு பிராணிகள் தனி இடத்துக்குப் போய்விட, மெட்ராஸ்காரர்கள் மிருகக்காட்சி சாலையை 'உயிர் காலேஜ்' என்றும் மியூசியத்தைச் 'செத்த காலேஜ்' என்றும் கூப்பிட ஆரம்பித்தார்கள். என் பாட்டி கடைசிவரை அப்படித்தான் சொன்னார்.

இனி மாமியாரின் கேள்வி. வெண்கலக் கூடத்தில் செருப்பைக் கழற்றச் சொல்ல மாட்டார்கள். கைகூப்பினாலும் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், அங்கே நாள்தோறும் நான்கு பேராவது கும்பிடுகிறார்கள். கோயிலிலிருந்து பறித்து வந்துவிட்டார்களோ என்று அவருக்கு மனம் உறுத்தினால் சொல்லுங்கள்: படையெடுப்புக் காலங்களில் பத்திரத்துக்காகப் புதைத்து வைத்து, பின்னால் வயலிலோ கடைக்காலிலோ தோண்டும்போது வெளிவந்தவை நிறைய. அப்படிக் கிடைப்பதை அரசிடம் ஒப்படைக்க வேண்டும் என்று 1878லேயே புதையல் சட்டம் வந்துவிட்டது. தொட்டு ஒற்றிக்கொள்வது மட்டும் வேண்டாம். கை வியர்வையில் உப்பு இருக்கிறது. உப்பும் ஈரமும் சேர்ந்தால் வெண்கலம் பச்சைப் பொடியாக உதிரத் தொடங்கும், கடலோர ஊரில் இந்த நோய் இன்னும் மோசம். இதற்கு மருத்துவம் பார்க்கவே 1930இல் இங்கே ஒரு வேதியியல் கூடம் தொடங்கினார்கள்.

அந்தக் கூடத்தில் பிள்ளைகளுக்கு வழிகாட்டும் பொறுப்பை மாமியாரிடமே விட்டுவிடுங்கள். பீடத்தில் இருக்கும் ஓட்டைகளையும் வளையங்களையும் காட்டி எதற்கு என்று கேட்டால், உற்சவத்துக்குக் கம்பு கோத்துக் கட்டித் தூக்குவதற்கு என்று எந்த அட்டையையும் படிக்காமல் சொல்வார். அலங்காரம் இல்லாமல் நிற்கும் அம்மனுக்கு எந்தப் பட்டு, எந்த மாலை என்று அவர் ஆரம்பித்தால் நேரம் போவதே தெரியாது. கற்பூரம் மட்டும் கைப்பையிலிருந்து வெளியே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.