ஆங்கிலப் பேச்சில் ‘தி’ இயல்பாக வர என்ன வழி?

பெங்களூருக்கு வேலைக்கு வந்தபின், அலுவலகத்தில் ஆங்கிலம் பேசும்போது ‘தி’ என்னும் சொல்லை எங்கே சேர்ப்பது, எங்கே விடுவது என்று தடுமாறுவதாகக் கேட்டிருக்கிறீர்கள். தமிழில் அதற்கு நேரான சொல் இல்லை. ஆனால் அது உணர்த்தும் பொருள் நம் மொழியில் ஏற்கெனவே இருக்கிறது என்பதை நான் வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன். ‘புத்தகம் வாங்கினேன்’ என்றால் ஏதோ ஒரு புத்தகம். ‘புத்தகத்தை வாங்கினேன்’ என்றால், அது எந்தப் புத்தகம் என்பது கேட்பவருக்கும் தெரியும். அஃறிணைப் பெயர்களில் இரண்டாம் வேற்றுமையின் ‘ஐ’ உருபு இங்கே செய்கிற வேலையைத்தான் ஆங்கிலத்தில் பெரும்பாலும் ‘தி’ செய்கிறது. எனவே, எதைக் குறிப்பிடுகிறேன் என்று எதிரில் இருப்பவர் அறிவாரா என்பதே நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி. அறையில் ஒரே கதவு இருந்தால், அதைப் பற்றி முன்பு பேசியிராவிட்டாலும், ‘ஓப்பன் தி டோர்’ என்பதே சரி.

இடப்பெயர்களிலும் பயணத்தைச் சொல்லும் சில தொடர்களிலும் மட்டும் இந்தக் கேள்வி உதவாது; அங்கே வழக்கமே விதி. கப்பன் பார்க், எம்.ஜி. ரோடு, அல்சூர் லேக் ஆகியவற்றுக்கு முன் ‘தி’ வராது. காவிரி ஆறு என்பதால் அதற்கு முன் வரும். பயணத்தைச் சொல்லும்போதும் அப்படித்தான்: ‘ஐ டுக் தி மெட்ரோ’ என்று சொல்லும் அதே ஆள், ‘ஐ கேம் பை மெட்ரோ’ என்னும்போது அதை விட்டுவிடுவார்.

உச்சரிப்பும் முக்கியம். ‘ஆபீஸ்’ போல உயிரொலியில் தொடங்கும் சொல்லுக்கு முன்தான் ‘தி’ என்ற ஒலி. ‘மெட்ரோ’ போன்ற சொல்லுக்கு முன் அது அழுத்தமில்லாமல் ‘த’ என்று குறுகி, அடுத்த சொல்லோடு ஒட்டிக்கொள்ளும்.